அரம் பட்ட வாள்

"இது எந்த வருஷத்து வாள், தவுக்கே? அதை மட்டும் சொல்லுங்க. நான் போயிடறேன்."

சீனக் கடை முதலாளி ஆ ஹாக் தலையைத் தூக்கவில்லை. மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டாச்சா அண்ணே?"

"வாளைக் கேட்டேன்."

"வாள் சாப்பிடாது. உங்களைக் கேட்டேன்."

பெரியண்ணன் சாக்கில் சுற்றியிருந்த வாளை மேசைமேல் வைத்தான். கொஞ்சம் வேகமாகவே வைத்தான். மீ கிண்ணம் ஆடியது.

ஆ ஹாக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். வாளைப் பார்க்கவில்லை.

*

அது மலேசியாவின் தைப்பிங்கில், பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த கடை. தொண்ணூற்றாறாம் வருஷம். ஓடாத கடிகாரங்கள், ஈயம் பூசிய தூக்குகள், கிராமபோன் குழல்கள். பின்சுவரில் ஜப்பான்காரன் விட்டுவிட்டுப் போன வாள்கள், வரிசையாக. இப்போது அந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் இன்னும் மூக்கில் கிராம்பு எண்ணெய் வாசம் வருகிறது. வாளுக்குத் தடவுகிற எண்ணெய். கடை போனாலும் அந்த வாசம் போகவில்லை.

ஆ ஹாக்குக்கு நாற்பத்தொன்பது வயது. பெரியண்ணனைவிட எட்டு வயது சின்னவர். அவருடைய அப்பா தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். அங்கே வளர்ந்ததால் தமிழ் வந்தது. முதலில் வந்தவை கெட்ட வார்த்தைகள். மற்றவை மெல்ல மெல்ல வந்தன. வாள் பார்க்கும் வித்தையைப் பினாங்கில் ஒரு ஜப்பான்காரப் பெரியவரிடம் பதினோரு வருஷம் இருந்து கற்றார். பேராக் மாநிலம் முழுக்க அந்த வித்தை தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்பார்கள்.

பெரியண்ணன் லாரி பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவன். எதையும் மறக்காதவன். ஐம்பத்தெட்டாம் வருஷம் தீபாவளிக்குத் தனக்கு மட்டும் எலும்பாகப் போட்ட கறிக்கடைக்காரனின் மகன் கல்யாணத்துக்கு, தொண்ணூறில், அவன் போகவில்லை.

*

"எதுக்கு வருஷம்?" ஆ ஹாக் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏழாங்கட்டைத் தோட்டத்துக் கோயில்ல கல்லு வைக்கிறாங்க. சண்டைக் காலத்தில ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனவங்க பேரு. செத்தவங்க, திரும்பி வந்தவங்க எல்லாரும். நாப்பத்தோரு பேரு. எங்க அப்பா பேரு இல்ல."

"அவரு போகலையா?"

"போனாரு. காளியப்பன் விட மாட்டேங்கிறான்."

காளியப்பன் கோயில் தலைவர். அவருடைய அப்பா வேலுவும் பெரியண்ணனின் அப்பா சடையனும் ஒரே நாளில், ஒரே லாரியில் சயாமுக்குப் போனார்கள். வேலு திரும்பவில்லை. சடையன் நாற்பத்தைந்து கடைசியில் திரும்பினார். கையில் ஒரு வாள் இருந்தது.

"என்ன சொல்றாரு காளியப்பன்?"

பெரியண்ணன் அதைச் சொல்லும்போது குரலே காளியப்பன் குரலாக மாறியது. அத்தனை வருஷம் கேட்ட பேச்சு.

"'கூலியாப் போனவன் கோவணத்தோட வந்தான். உங்கப்பன் வாளோட வந்தான். ஓடின ஆளையெல்லாம் பிடிச்சுக் கொடுத்ததுக்கு நாப்பத்து மூணுல ஜப்பான்காரன் கொடுத்த பரிசுடா அது.'"

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நாப்பத்தஞ்சுல ஜப்பான்காரன் தோத்துட்டு வீசிப் போட்டது. கிடந்ததை எடுத்தாரு. இந்த வாள் நாப்பத்து நாலுலயோ அஞ்சுலயோ செஞ்சதுன்னு தெரிஞ்சா போதும் தவுக்கே. செய்யாத வாளை நாப்பத்து மூணுல எப்படிப் பரிசு கொடுப்பான்?"

ஆ ஹாக் முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா யோசிச்சிருக்கீங்க. முப்பத்தெட்டுல செஞ்சதா இருந்தா?"

"அப்படி இருக்காது."

"இருந்தா?"

பெரியண்ணன் வாள் சுற்றிய சாக்கை இழுத்துச் சரிசெய்தான்.

"இருந்தா ஒண்ணும் தெரியாது," ஆ ஹாக் சொன்னார். "எப்ப செஞ்சதுன்னு வாள் சொல்லும். எப்ப கை மாறுச்சுன்னு அதுக்கு வாய் இல்ல."

"கழற்றிப் பாருங்க."

"இன்னைக்கு வேண்டாம். கல்லு எப்ப?"

"மாசக் கடைசி வியாழக்கிழமை கொத்தன் வர்றான்."

"நாலு சனிக்கிழமை இருக்கு. இன்னைக்கு ஒண்ணு. வந்து பார்க்கக் கத்துக்குங்க."

"நீங்க ஒரு காகிதத்தில எழுதிக் கொடுத்தா முடிஞ்சுது. நான் எதுக்குக் கத்துக்கணும்?"

"நான் எழுதினா காளியப்பன் நம்புவாரா?"

பெரியண்ணன் யோசித்தான். "'சீனன் கையில காலில விழுந்து எழுதி வாங்கிட்டான்'னு சொல்லுவான்."

"நீங்களே கத்துக்கிட்டுப் போய்ச் சொன்னா?"

"அதையும் நம்ப மாட்டான்."

"அப்ப கத்துக்கிட்டாவது போங்கலா."

*

அன்றைக்கே ஆ ஹாக் ஐந்து வாள்களை எடுத்து மேசைமேல் பரப்பினார்.

"இதில கிழவன் யாரு? குழந்தை யாரு?"

பெரியண்ணன் துருப்பிடித்து, உறை உரிந்து கிடந்த ஒன்றைத் தொட்டான். "இதுதான் கிழவன்."

"அதுதான் குழந்தை. நாப்பத்து நாலு." பளபளவென்று கண்ணாடிபோல் இருந்த ஒன்றைக் காட்டினார். "கிழவன் இவரு. முந்நூறு வயசு."

"துருவே இல்லையே?"

"அவரை ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ பார்த்துக்கிட்டாங்க. வெளியே இருக்கிற துரு வயசைச் சொல்லாது அண்ணே. அனாதைன்னு மட்டும் சொல்லும்."

இன்னொன்றின் கைப்பிடியைக் காட்டினார். நூல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருந்தது.

"நூல் எப்படி இருக்கு?"

"நல்லா இறுக்கமா இருக்கு."

"தொட்டுப் பாருங்க."

தொட்டான். சில்லென்று இருந்தது. நூல் இல்லை. நூல்போல் வார்த்து, நூலின் நிறத்தில் சாயம் அடித்த உலோகம்.

"சார்ஜன்ட் வாள். தொழிற்சாலையில ஆயிரக்கணக்கில செஞ்சது. பாருங்க, தகட்டில எண் அடிச்சிருக்கு. உங்களோடது நிஜ நூல். உள்ளே திருக்கைமீன் தோல். அதிகாரியோடது."

வாளை அவர் இன்னும் சாக்கிலிருந்து எடுக்கவே இல்லை. கைப்பிடி மட்டும்தான் வெளியே தெரிந்தது. எப்போது பார்த்தார் என்று பெரியண்ணனுக்குப் புரியவில்லை.

அதிகாரியோடது. அந்த வார்த்தை அவனுக்குப் பிடிக்கவில்லை. பரிசு கொடுக்கிறவன் அதிகாரிதானே.

*

வீட்டுக்குப் போய் அவனே பார்த்தான். வாளின் கைக்காப்பில் பித்தளைப் பூக்கள் இருந்தன.

அடுத்த சனிக்கிழமை அவன் கேட்காமலே ஆ ஹாக் சொன்னார்: "சண்டை முத்த முத்த ஜப்பான்காரன்கிட்ட பித்தளை இல்லாமப் போச்சு. பூ போச்சு. வெறும் இரும்பு வந்துச்சு. கடைசியில இரும்பும் இல்லாம மரத்தில உறை செஞ்சான். உறையைப் பார்த்தா அவன் வீட்டில சோறு இருந்துச்சா இல்லையான்னு தெரியும்."

"அப்ப பித்தளைப் பூ இருந்தா?"

"வயிறு நிறைஞ்ச காலம்."

பெரியண்ணனின் முகம் விழுந்தது.

"அதுக்குள்ள அழாதீங்க. தாத்தா வாளுக்குப் பேரன் புதுச் சட்டை போட்டுச் சண்டைக்குக் கொண்டு போவான். உடைஞ்ச வாளோட பழைய சட்டையைக் கழற்றி, புது வாளுக்கு மாட்டுவான். சட்டையைப் பார்த்து வயசு சொல்லக் கூடாது. உள்ளே பார்க்கணும்."

சுவரிலிருந்து ஒரு வாளை எடுத்தார். கைப்பிடியின் நடுவே இருந்த சிறிய மூங்கில் ஆணியை மர முளையால் தட்டி வெளியே தள்ளினார். வாளைச் செங்குத்தாகப் பிடித்து, தன் மணிக்கட்டில் இன்னொரு கையால் குத்தினார். கைப்பிடி தளர்ந்தது. உருவினார்.

கைப்பிடிக்குள் ஒளிந்திருந்த அடித்தண்டு வெளியே வந்தது. கருப்பட்டி நிறம்.

"துருப் பிடிச்சிருக்கே," என்று பெரியண்ணன் கட்டைவிரலால் தேய்க்கப் போனான்.

ஆ ஹாக் அவன் கையில் பட்டென்று அடித்தார். தன்னைவிட மூத்தவன் என்று பார்க்கவில்லை.

"தேய்க்காதீங்க! இந்தத் துருவைத்தான் நாங்க கும்பிடறோம். இதுதான் வயசு சொல்லும். இருபது முப்பது வருஷத்துத் துரு சிவப்பு. அம்பது வருஷத்துத் துரு கருப்பட்டி. முந்நூறு வருஷத்துத் துரு கறுப்பு. பொய் சொல்லத் தெரியாது."

"இது என்ன கீறல்?"

"கீறல் இல்ல, எழுத்து. இந்தப் பக்கம் செஞ்சவன் பேரு." வாளைத் திருப்பினார். "இந்தப் பக்கம் வருஷம், மாசம். ஜப்பான்காரன் அவங்க ராஜா பட்டத்துக்கு வந்ததிலிருந்து எண்ணுவான். இதில பதினேழுன்னு இருக்கு. இருபத்தஞ்சைக் கூட்டுங்க. நாப்பத்திரண்டு. உங்களோடதிலேயும் இங்கதான் இருக்கணும். அடுத்த வாரம் பார்த்துடலாம்."

பெரியண்ணன் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.



*

அப்பா இருந்தவரை ஆயுத பூஜைக்கு வாளை உறையிலிருந்து எடுத்ததே இல்லை. ரப்பர் பால்வெட்டுக் கத்தி, அரிவாள், அம்மாவின் அரிவாள்மணை எல்லாவற்றையும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி வரிசையாக வைப்பார்கள். வாள் கடைசியில் இருக்கும். உறைமேல் ஒரு சந்தனப் பொட்டு. பொரியும் கடலையும் சாமிக்கு முன் குவிந்திருக்கும். கற்பூரம் எரியும்போது எல்லாரும் சாமியைப் பார்ப்பார்கள். அப்பா கண்ணை மூடிக்கொள்வார்.

எழுபத்தொன்றில் அப்பா செத்தார். அந்த வருஷ ஆயுத பூஜைக்குப் பெரியண்ணன் வாளை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினான். பட்டறைக்காரன். எதையும் கழற்றாமல் துலக்கத் தெரியாது.

கைப்பிடிக்குள் ஜப்பான் எழுத்து இருந்தது. இரண்டு பக்கமும்.

அப்பாவைக் குளிப்பாட்டும்போது பார்த்த, அடித் தழும்பேறிய முதுகு அவன் கண்ணுக்குள் அப்படியே இருந்தது.

பட்டறையிலிருந்து அரம் கொண்டு வந்தான்.

*

மூன்றாவது சனிக்கிழமை அவன் கடைக்கு வரவில்லை. ஏரிக்கரையில் போய்த் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தான். மீன் விழுந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

நான்காவது சனிக்கிழமை வந்தான். தைப்பிங் மழை. கடையின் தகரக் கூரையில் யாரோ கூடை கூடையாகக் கல் கொட்டுவதுபோல் இருந்தது.

"போன வாரம் காணோமே?"

"கழற்றுங்க," என்றான் பெரியண்ணன்.

ஆ ஹாக் ஆணியைத் தட்டினார். மணிக்கட்டில் குத்தினார். கைப்பிடியை உருவினார்.

வாளை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

அடித்தண்டின்மேல் கருப்பட்டி நிறம் இல்லை. மெல்லிய சிவப்புத் துரு. அதற்குக் கீழே, நெருக்கமாக, சீராக, சாய்வாக அரத்தின் கோடுகள். ஆ ஹாக் விரல் நுனியை அதன்மேல் ஓட்டினார். தேய்க்கவில்லை. தொட்டார், அவ்வளவுதான்.

"இது இருபத்தஞ்சு வயசுத் துரு," என்றார்.

"எழுபத்தொண்ணு. ஆயுத பூஜை."

"யாரு ராவினது?"

"நான்."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும். எங்க அப்பாவை அடிச்சவன் பேருன்னு நினைச்சேன் தவுக்கே. அவன் பேரு எங்க வீட்டுச் சாமி முன்னால இருக்கக் கூடாதுன்னு..."

"நல்லா ராவியிருக்கீங்க."

கேலி இல்லை. வேலை தெரிந்தவன் இன்னொருவன் வேலையைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னார்.

பெரியண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான். இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டான்.

"நீங்க ஒண்ணு செய்யணும்," என்றான். "ஒரு வருஷம் வெட்டிக் கொடுங்க."

ஆ ஹாக் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சின்ன உளியும் சுத்தியலும் இருந்தன. மரக்கட்டைமேல் துணி விரித்து, வாளைப் படுக்கவைத்தார்.

"வெட்டலாம். நிறையப் பேரு வெட்டறாங்க. துருவும் ஏத்திடலாம். காளியப்பனுக்கு எங்க தெரியப்போவுது? எந்த வருஷம்?"

"இருபது. நாப்பத்தஞ்சு."

"உளியை நீங்க பிடிங்க. எழுத்தை நான் வரைஞ்சு காட்டறேன்."

பெரியண்ணன் உளியைப் பிடித்தான். நாற்பது வருஷம் உளி பிடித்த கை. ஆடவில்லை.

"உங்க அப்பா நாப்பத்தஞ்சுன்னா சொன்னாரு?" பென்சிலைச் சீவிக்கொண்டே ஆ ஹாக் கேட்டார்.

"ஆமா."

"எப்படிச் சொன்னாரு? அவரு வாயால சொன்ன மாதிரியே சொல்லுங்க."

மழை பெய்தது.

பெரியண்ணன் யோசித்தான். அப்பா திரும்பி வந்த நாள் ஞாபகம் வந்தது. யானைக்கால்போல் வீங்கின கால். சாக்கில் சுற்றின வாள். இது என்ன என்று அம்மா கேட்டாள். கிடந்துச்சு, எடுத்தேன் என்றார் அப்பா.

அவ்வளவுதான்.

வருஷத்தைச் சொன்னது யார்?

அறுபத்து மூன்றில், கள்ளுக்கடை வாசலில், காளியப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நாப்பத்தஞ்சுலடா!" என்று கத்தியது அவன்தான். அன்றிலிருந்து அவன்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"கிடந்துச்சு, எடுத்தேன்னாரு," என்றான்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. சயாமைப் பத்தி அவரு பேசவே மாட்டாரு."

"ஒண்ணுமேயா? இருபத்தாறு வருஷம் இருந்திருக்காரு."

"மழை பெஞ்சா தூக்கத்தில உளறுவாரு. அது வாளைப் பத்தி இல்ல."

"வாளைத்தான் நீங்க ராவிட்டீங்களே. உளறினதைச் சொல்லுங்க."

பெரியண்ணன் தகரக் கூரையை நிமிர்ந்து பார்த்தான்.

"'தள்ளிப் படு வேலு. ஒழுகுது. தள்ளிப் படு.'"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எப்ப மழை பெஞ்சாலும் அதேதான். அம்மா எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைப்பாங்க."

ஆ ஹாக் பென்சிலைக் கீழே வைத்தார்.

"வேலு யாரு?"

"காளியப்பனோட அப்பன்."

"இது காளியப்பனுக்குத் தெரியுமா?"

"அவனுக்கு நான் எதுக்குச் சொல்லணும்?" பெரியண்ணனின் குரல் உயர்ந்தது. "எங்க அப்பாவை ஆள் பிடிச்சுக் கொடுத்தவன்னு சொன்ன வாய்க்கு நான் போய்..."

நிறுத்தினான்.

ஆ ஹாக் கையை நீட்டினார். பெரியண்ணன் உளியை அதில் வைத்தான்.

"ஏழாங்கட்டைக்குப் பஸ் மூணேகாலுக்கு," என்றார் ஆ ஹாக். "வாளை விட்டுட்டுப் போங்க. நனையக் கூடாது."

*

காளியப்பன் வீட்டு முன்கூடத்தில் பேர்ப்பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்லில் வெட்ட வேண்டிய பேர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவரவர் அப்பா பேர். கதவு திறந்திருந்தது. வாசலில், தாழ்வாரத் தண்ணீருக்கு அடியில், பெரியண்ணன் நின்றான்.

"வாடா வாத்தியாரே! ஜப்பான் பாஷை படிச்சு முடிச்சிட்டியாமே. வாள் எங்க, பரீட்சை எழுதப் போயிருக்கா?"

"அதில தேதி இல்ல. நான்தான் எழுபத்தொண்ணுல ராவிட்டேன்."

காளியப்பன் சிரித்தார். நன்றாக, வயிறு குலுங்க. பிறகு பெரியண்ணன் போகாமல் நிற்பதைப் பார்த்தார்.

"அப்புறம் எதுக்கு வந்த?"

"எங்க அப்பா மழை பெஞ்சா தூக்கத்தில பேசுவாரு. சயாமிலிருந்து வந்ததிலிருந்து, சாகிறவரைக்கும்."

"அதுக்கு?"

பெரியண்ணன் சொன்னான். அப்பாவின் குரலிலேயே வந்தது. அந்தக் குரல் தன்னிடம் இருப்பது அவனுக்கே அதுவரை தெரியாது.

"'தள்ளிப் படு வேலு. ஒழுகுது. தள்ளிப் படு.'"

காளியப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான்.

"எந்தப் பக்கம்?"

"என்னது?"

"எங்க அப்பா எந்தப் பக்கம் படுத்திருந்தாரு?"

பெரியண்ணன் கண்ணை மூடிப் பார்த்தான். பாய். அம்மா. அம்மாவை நகர்த்தும் அப்பாவின் கை.

"வலது பக்கம். வலது கையாலதான் தள்ளுவாரு."

காளியப்பன் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆள் பிடிக்கிறவங்களுக்குத் தனிக் கொட்டாய்னு சொல்லுவாங்க," என்றார் மெல்ல. "ஒழுகாத கொட்டாய்."



காளியப்பன் கண்ணாடியைத் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடியும் கழற்றித் துடைத்தார். பிறகு மடியில் இருந்த பட்டியலை விரித்து, பென்சில் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு, தலை நிமிராமல் கேட்டார்:

"சடையன். அவங்க அப்பா பேரு என்னடா?"